ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், ரத்தத்துக்கு அது போதாது

எங்கம்மா கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு சின்ன லேப்ல ரொம்ப வருஷம் டெக்னீஷியனா இருந்தாங்க. வீட்டுச் சாவி அவங்ககிட்டதான் இருக்கும், அதனால ஸ்கூல் விட்டா நான் நேரா அங்க போய் உக்காந்துடுவேன். ஒரு மர மேஜை, மேல மைக்ராஸ்கோப், பக்கத்துல டைப்ரைட்டர் மாதிரி வரிசையா பட்டன் வெச்ச ஒரு கவுண்டர். லீஷ்மன் ஸ்டெயின்னு ஒரு சாயம் போட்ட ரத்த ஸ்லைடு மேல ஒரு சொட்டு ஆயில் விட்டு கண்ணை லென்ஸ்ல வெச்சாங்கன்னா எடுக்கவே மாட்டாங்க, கை மட்டும் தானா பட்டனைத் தட்டிக்கிட்டே இருக்கும், வெள்ளை அணுவுல ஒவ்வொரு வகைக்கும் ஒரு பட்டன், நியூட்ரோஃபில்னா ஒண்ணு, லிம்ஃபோசைட்னா ஒண்ணு, இயோசினோஃபில்னா ஒண்ணு, மொத்தம் நூறு செல் எண்ணி முடிச்சதும் டிங்குனு மணி அடிக்கும். மணி அடிச்சா ஒரு ரிப்போர்ட் முடிஞ்சுதுன்னு அர்த்தம். ராத்திரி சாதம் பிசையும்போது பாத்தா அவங்க விரல் நுனி ஊதாவா இருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் அந்த ஸ்டெயின் போகாது.

ஒருநாள் கேட்டேன், "ஏம்மா, ஒடம்புல கோடிக்கணக்குல செல் இருக்குங்கிற, நூறு மட்டும் எண்ணுனா போதுமா?" அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாங்க, "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்டி. நான் நூறு சோறு பாக்குறேன்."

அந்த பதில் என் மண்டைக்குள்ள அப்படியே தங்கிடுச்சு. இப்போ பாண்டில ஒரு லேப்ல, வெளிச்சத்தை வெச்சு ரத்த செல்லை ஒவ்வொண்ணா பாக்குற ஒரு சின்ன மெஷின் கட்டிக்கிட்டு இருக்கோம், மூணு பேர். என்ன வேலை பண்றேன்னு சொந்தக்காரங்க கேக்கும்போது கல்யாண வீட்டுப் பந்தியில ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியல, அதனாலதான் இங்க உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல அந்த நூறு கணக்கு. சாதாரண காய்ச்சல், சளி, அலர்ஜி இதுக்கெல்லாம் அம்மா சொன்னது சரிதான், நூறு செல் பாத்தா டாக்டருக்கு ஒரு அந்தாஜு கிடைச்சுடும். ஆனா நூத்துல அஞ்சு இயோசினோஃபில் இருக்குன்னு எண்ணுனீங்கன்னா, அதே ஸ்லைடுல வேற இடத்துல எண்ணும்போது மூணு வரலாம், எட்டும் வரலாம், எண்ணுறவங்க தப்பு இல்ல, சின்ன எண்ணிக்கைன்னா அப்படித்தான் ஆடும். சரி, அதாவது பரவால்ல. தேடுற செல்லு பத்தாயிரத்துல ஒண்ணுதான் இருக்குன்னா? நூறு செல் எண்ணுனா அது கண்ணுல படுறதுக்கு நூத்துல ஒரு வாய்ப்புதான். பானையில எல்லா சோறும் ஒரே மாதிரி வெந்திருந்தாதான் அந்தப் பழமொழி. ரத்தத்துல ஒரு சோறு மட்டும் வேகாம இருக்கும், அந்த ஒண்ணுதான் ஆளைக் கொல்லும்.

இது எனக்கு படிச்சு தெரிஞ்ச விஷயம் இல்ல. எங்க தெருவுல ஒரு பையன், அப்போ ஆறு வயசு, ரத்தப் புத்துநோய், ஏஎல்எல்னு சொல்வாங்க. மொதல் கட்ட மருந்து கிட்டத்தட்ட ஒரு மாசம் போகும், அது முடிஞ்சதும் எலும்பு மஜ்ஜையில இன்னும் கெட்ட செல் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுப்பாங்க, எம்ஆர்டின்னு பேரு. பத்தாயிரம் செல்லுக்கு ஒண்ணு, அதாவது 0.01 சதவீதம், பொதுவா அந்தக் கோட்டுக்கு மேல இருந்தா மருந்தை இன்னும் கடுமையாக்க யோசிப்பாங்க, கீழ இருந்தா நல்ல சேதி. மைக்ராஸ்கோப்ல பாத்தா கோட்டுக்கு மேல இருக்கிற குழந்தையோட மஜ்ஜையும் கீழ இருக்கிற குழந்தையோட மஜ்ஜையும் ஒரே மாதிரிதான் இருக்கும், சுத்தமா ஆயிடுச்சுன்னுதான் தோணும். அந்தப் பையனுக்கு இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தாங்க, சாம்பிளை வெளியூருக்கு அனுப்பினாங்க, வழியில எங்கயோ தாமதமாகி போய்ச் சேரும்போது உறைஞ்சு போயிருந்துச்சு, டெஸ்ட் பண்ண முடியாது திரும்ப எடுங்கன்னு சொல்லிட்டாங்க. திரும்பவும் அதே ஊசி. அவங்கப்பா வாசல் படியில உக்காந்து என்கிட்ட "ஏம்மா, நீ இதெல்லாம் படிக்கிறியே, இந்த மெஷினை இங்கயே வெக்க முடியாதா"ன்னு கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல, சொல்லத் தெரியல. (பையன் இப்போ நல்லா இருக்கான், காலேஜ் சேந்துட்டான்.)

அவர் கேட்ட அந்த மெஷின் பேரு ஃப்ளோ சைட்டோமீட்டர். அது எப்படி வேலை செய்யுதுன்னு புரியணும்னா லேப்புக்குப் போக வேணாம், பழைய ஓட்டு வீட்டுக்குள்ள போனா போதும். திருப்பாதிரிப்புலியூர்ல எங்க பாட்டி வீட்டுல ஒரு ஓடு ஒடைஞ்சு சின்னதா ஓட்டை இருக்கும், மத்தியான வெயில் அது வழியா ஒரு கம்பி மாதிரி தரையில இறங்கும், அந்தக் கம்பிக்குள்ள மட்டும் தூசி பளபளன்னு மிதக்கும். வீடு பூரா தூசி இருக்கு, ஆனா வெளிச்சத்தைக் கடக்குற தூசி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது, அதுவும் ஒவ்வொண்ணும் தனித்தனியா. அந்த வெயிலுக்குப் பதிலா லேசர், தூசிக்குப் பதிலா செல், அவ்ளோதான். செல்லு லேசரைக் கடக்கும்போது வெளிச்சம் சிதறுது. நேரா முன்னால லேசா வளைஞ்சு போற வெளிச்சத்தை அளந்தா செல்லு எவ்ளோ பெருசுன்னு ஒரு கணக்கு கிடைக்கும், பக்கவாட்டுல தெறிக்கிறதை அளந்தா உள்ள எவ்ளோ சமாச்சாரம் இருக்குன்னு தெரியும். லிம்ஃபோசைட் ஒரு கோலிகுண்டு மாதிரி, உள்ள வழவழன்னு ஒரே நியூக்ளியஸ், பக்கவாட்டுல பெருசா ஒண்ணும் தெறிக்காது. நியூட்ரோஃபில் கல்கண்டு நிரப்பின பை மாதிரி, துகள் துகளா இருக்கும், நியூக்ளியஸும் மூணு நாலு துண்டா மடங்கி இருக்கும், வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும்.

செல்லு ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரணுமே, கும்பலா வந்தா என்ன பண்றது? கோயில்ல கூட்டத்தை ரெண்டு பக்கமும் கம்பி கட்டி ஒத்தை வரிசையா விடுவாங்கல்ல, அங்க கம்பிக்குப் பதிலா தண்ணி. நடுவுல ரத்தம் கலந்த திரவம், ரெண்டு பக்கமும் சுத்தமான திரவம் வேகமா ஓடும், அது நடுவுல இருக்கிறதை நசுக்கி நசுக்கி நூலாக்கிடும். இவ்ளோ சின்னக் குழாய்க்குள்ள ரெண்டு ஓட்டமும் கலக்காது, ஒட்டிக்கிட்டே போகும், மொதல் தடவை கலர் மை விட்டுப் பாத்தப்போ நான் நம்பவே இல்ல.

அதுக்கப்புறம்தான் கலர். செல்லு மேல்தோல்ல இருக்கிற புரதத்தைத் தேடிப் போய் ஒட்டுற ஆன்டிபாடில ஒளிர்ற சாயத்தைக் கட்டி விடுவாங்க, 488 நானோமீட்டர் நீல லேசர் பட்டா ஒரு சாயம் பச்சையா ஒளிரும், இன்னொண்ணு ஆரஞ்சா ஒளிரும். சிடி19, சிடி10 இப்படி நம்பர் போட்ட பேரு அந்தப் புரதங்களுக்கு. எந்தெந்த நம்பர் ஒண்ணா ஒரே செல்லுல இருக்குன்னு பாத்துதான் அந்த பத்தாயிரத்துல ஒண்ணைப் பிடிக்கிறாங்க. பெரிய மெஷின் ஒரு செகண்டுக்கு பத்தாயிரம் செல்லு பாக்கும். அஞ்சு லட்சம் செல்லு பாக்கணும்னா அதுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது. அம்மா நூறு செல்லுக்கு அஞ்சு நிமிஷம் எடுத்துப்பாங்க, அந்த வேகத்துல அஞ்சு லட்சத்துக்கு தூங்காம சாப்பிடாம பதினேழு நாள் எண்ணணும். உக்காந்து கணக்கு போட்டுப் பாத்தேன்.

இதுக்கு ஒரு அண்ணன் நம்ம ஊர்லயே இருக்கான். பண்ருட்டி பக்கம் அரிசி மில்லுல கலர் சார்ட்டர்னு ஒரு மெஷின் ஓடும் பாத்திருக்கீங்களா, அரிசி சரிஞ்சு விழும், கேமரா ஒவ்வொரு மணியா பாக்கும், கருப்பு அரிசி வந்தா காத்தை அடிச்சு வெளிய தள்ளிடும். செல்லைப் பிரிக்கிற மெஷினும் இதேதான், காத்துக்குப் பதிலா மின்சாரம். செல்லு இருக்கிற சொட்டுக்கு சார்ஜ் ஏத்தி இழுத்து வேற டியூப்ல போட்டுடுவாங்க. அமெரிக்காவுல மேக் ஃபுல்வைலர் 1965ல இதைச் செஞ்சு காட்டினாரு, சொட்டுக்கு சார்ஜ் ஏத்துற ஐடியா இங்க் தெளிச்சு எழுதுற டெக்னிக்ல இருந்து எடுத்தது. அப்போ அவர் செல்லோட அளவைத்தான் பாத்தாரு, மின்சாரத் தடையை வெச்சு. 1968ல ஜெர்மனில வுல்ஃப்காங் கோடே ஒளிர்ற சாயத்தை வெச்சு அளக்குற மெஷினைக் கொண்டுவந்தாரு, ஸ்டான்ஃபோர்ட்ல லியோனார்ட் ஹெர்சன்பர்க் வெளிச்சத்தையும் பிரிக்கிறதையும் ஒண்ணாச் சேத்தாரு. ஆக இது நேத்து வந்த டெக்னாலஜி இல்ல, அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அம்பது வருஷம் ஆகியும் மஞ்சக்குப்பத்துக்கு வரலங்கிறதுதான் என் கவலை.

ஏன் வரலன்னா மெஷின் பெருசு, விலை அதிகம், அந்த ஆன்டிபாடி எல்லாம் ஃப்ரிட்ஜ்லயே இருக்கணும், வெளிச்சம் படக்கூடாது, லேசர் ஒரு மயிரிழை நகந்தாலும் இன்ஜினியர் வரணும். ரத்தம் வேற காத்துக்கிட்டு இருக்காது, எடுத்த நிமிஷத்துல இருந்து செல்லு சாக ஆரம்பிக்குது, மே மாசம் பஸ்ஸுல ஒரு டப்பாவுல போட்டு அனுப்பினா போய்ச் சேரும்போது என்ன மிச்சம் இருக்கும்? சாம்பிள் மெஷினைத் தேடிப் போறது தப்பு, மெஷின்தான் சாம்பிள்கிட்ட வரணும். நாங்க கட்டுறது அதுக்குத்தான். எம்ஆர்டி டெஸ்ட்டை எங்க டப்பா பண்ணாது, அதுக்கு எட்டு கலர் பத்து கலர் வேணும், அப்படிப் பண்ணிடும்னு நான் யாருக்கும் பொய் நம்பிக்கை குடுக்க மாட்டேன். மொதல்ல வெள்ளை அணுக்களை வகை பிரிக்கணும், பிளேட்லெட்டை ஒழுங்கா எண்ணணும், சாயம் இல்லாம, வெறும் சிதறுற வெளிச்சத்தை வெச்சு. இன்வெர்ட்டர்ல ஓடணும், ஒரு மேஜையில அடங்கணும்.

பிளேட்லெட்னு சொன்னதும் ஞாபகம் வருது. மழைக்காலம் வந்தா கடலூர்ல ஒவ்வொரு வீட்டுலயும் இந்த வார்த்தைதான், டெங்குன்னு சந்தேகம் வந்தா தினமும் கவுண்ட் எடுக்குறது, ஒன்றரை லட்சத்துக்குக் கீழ வந்தா வீட்டுல யாரும் தூங்குறதில்ல, பப்பாளி இலையை அரைக்க ஆரம்பிச்சுடுவாங்க. நெறைய கவுண்டர் மெஷின் எண்ணுறது வெளிச்சத்தால இல்ல, வாலஸ் கோல்ட்டர் 1953ல பேட்டன்ட் வாங்கின முறை, ஒரு சின்ன ஓட்டை வழியா செல்லு போகும்போது மின்சாரம் தடைபடுறதை எண்ணுறது. அருமையான முறை, ஆனா அதுக்கு அளவு மட்டும்தான் தெரியும். பிளேட்லெட் ரெண்டு மூணு மைக்ரான், ஒடைஞ்ச சிவப்பணுத் துண்டும் அதே அளவுல வரும், அதையும் பிளேட்லெட்னு எண்ணிடலாம். சில பேர் ரத்தத்துல இன்னொண்ணு நடக்கும், ஊதா மூடி டியூப்ல உறையாம இருக்க ஈடிடிஏ போட்டிருப்பாங்க இல்ல, அதுவே அவங்க பிளேட்லெட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சுடும். ஒட்டின கொத்தை மெஷின் பிளேட்லெட்னு எண்ணாது, கவுண்ட் முப்பதாயிரம் நாப்பதாயிரம்னு வரும், ஆளு நல்லாத்தான் இருப்பாரு, வீடே அழும். அம்மா இப்படிப்பட்ட ரிப்போர்ட் வந்தா அனுப்பவே மாட்டாங்க, ஸ்லைடு போட்டு ஓரத்துல கொத்து இருக்கான்னு பாத்துட்டு, வேற டியூப்ல எடுத்து திரும்ப ஓட்டுவாங்க. அப்படிப் பாக்க ஆள் இல்லாத லேப் எத்தனை இருக்கு! வெளிச்சம் அளவை மட்டும் பாக்கிறதில்ல, உள்ள என்ன இருக்குன்னும் பாக்குது, ஒட்டின கொத்தும் ஒத்தை செல்லும் அதுக்கு வேற வேற மாதிரி தெரியும். எங்களுக்கு இது ஒண்ணு மட்டும் சரியா அமைஞ்சாலே போதும்னு நினைப்பேன்.

கட்டுற கதைக்கு வரேன். செல்லு ஓடுற அந்தச் சின்னக் குழாய் இருக்கிற சிப்பை நாங்களே ஊத்துறோம், ஒரு மாதிரி தெளிவான ரப்பர், பத்து பங்கு பிசின் ஒரு பங்கு கெட்டிப்படுத்துற திரவம், கலக்கி, காத்துக் குமிழியை எல்லாம் வேக்கம்ல எடுத்துட்டு, ஓவன்ல வெக்கணும், தோசைக்கல்லுல மாவு ஊத்துறதை விட பொறுமை வேணும். அப்புறம் அதைக் கண்ணாடியில ஒட்டணும். நவம்பர்ல பாண்டி காத்துல இருக்கிற ஈரத்துக்கு ஒட்டுனது எல்லாம் உரிஞ்சு வந்துச்சு, ஒரு மாசம் போச்சு. அதுக்கப்புறம் இன்னொரு மூணு வாரம், காலைல ஓட்டினா சிக்னல் சுத்தமா இருக்கு, சாயங்காலம் ஆனா ஒரே இரைச்சல், செல்லே போடாம வெறும் தண்ணி ஓட்டினாலும் மேடு மேடா வருது. டிடெக்டர் போச்சு, லேசர் போச்சுன்னு எல்லாத்தையும் கழட்டினோம். கடைசில ஒருநாள் அந்த மேடுகளுக்கு நடுவுல நேரத்தை அளந்தேன், சரியா பத்து மில்லிசெகண்ட், ஒவ்வொரு தடவையும். செகண்டுக்கு நூறு. கரண்டு அம்பது ஹெர்ட்ஸ், அதுல எரியுற விளக்கு நூறு தடவை துடிக்கும், வெளி வராண்டாவுல ஆறு மணிக்குப் போடுற டியூப்லைட் வெளிச்சம் கதவு இடுக்குல வந்து எங்க டிடெக்டர்ல விழுந்துக்கிட்டு இருந்துச்சு. கருப்புத் துணியைப் போட்டு மூடினோம், நின்னுடுச்சு. எவ்ளோ குட்டி வெளிச்சத்தை நாங்க அளக்குறோம்னு அன்னிக்குத்தான் ஒடம்புல உறைச்சுது.

ரத்தம் தொடுறதுக்கு எதிக்ஸ் கமிட்டி அனுமதி வேணும், அது வர்ற வரைக்கும் ஈஸ்ட். பாண்டில ஈஸ்ட்டுக்கா பஞ்சம், தெருவுக்கு ஒரு பேக்கரி. ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட் செல்லு ஒண்ணு அஞ்சு மைக்ரான் இருக்கும், சிவப்பணு ஏழு எட்டு மைக்ரான், கிட்டத்தட்ட ஒத்து வரும். வெதுவெதுன்னு சர்க்கரைத் தண்ணியில ஊற வெச்சு ஓட்டினேன். ஸ்கிரீன்ல ஒரு செல்லுக்கு ஒரு மலை மாதிரி கோடு எழும்பும். அதுக்கு நடுவுல சிலது மட்டும் ரெட்டை மலை, பெருசா ஒண்ணு, அதை ஒட்டிக்கிட்டு சின்னதா ஒண்ணு. திரும்ப லேசர் கெட்டுப் போச்சோன்னு பயந்தேன். இல்ல, ஈஸ்ட் மொட்டு விட்டு பெருகுது, தாய் செல்லும் அதுல இருந்து இன்னும் பிரியாத மகள் செல்லும் சேந்து லேசரைத் தாண்டிப் போயிருக்கு. ராத்திரி ஒம்போது மணிக்கு அந்த இருட்டு ரூம்ல நான் மட்டும் அந்த ரெட்டை மலையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், கண்ணு கலங்கிடுச்சு.

சாயமே இல்லாம செல்லை அடையாளம் கண்டுபிடிக்க இன்னொரு வழி ராமன். நம்ம திருவானைக்காவல்ல பொறந்த சி.வி.ராமன்தான். 1921ல இங்கிலாந்துல இருந்து கப்பல்ல திரும்பும்போது மத்தியதரைக் கடலோட நீலத்தைப் பாத்து, இது வானத்தோட பிரதிபலிப்புன்னு சொன்னதை அவர் ஒத்துக்கல, தண்ணியே வெளிச்சத்தைச் சிதறடிக்குதுன்னு ஆரம்பிச்ச தேடல், வத்திராயிருப்பு கே.எஸ்.கிருஷ்ணனோட சேந்து 1928 பிப்ரவரி 28ல வந்து முடிஞ்சுது, 1930ல நோபல். பொருள்ல பட்டு சிதறுற வெளிச்சத்துல ரொம்ப ரொம்பக் கொஞ்சம், கோடில ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க, நிறம் மாறி வெளிய வரும், எவ்ளோ மாறுதுங்கிறதுல அந்தப் பொருளோட மூலக்கூறு கைரேகை இருக்கும். ஒத்தை செல்லுல இதைப் பாக்க முடியும், 785 நானோமீட்டர் லேசர் வெச்சு பாத்தா புரதம் எங்க, கொழுப்பு எங்க, டிஎன்ஏ எங்கன்னு மலை மலையா வரும், செல்லு அசையாம இருக்க ஆர்தர் ஆஷ்கின் கண்டுபிடிச்ச ஒளி இடுக்கி, வெளிச்சத்தாலயே செல்லைப் பிடிச்சு நிறுத்துறது, அவருக்கு 2018ல நோபல் குடுத்தாங்க. கேக்கவே ஆசையா இருக்குல்ல. ஆனா கோடில ஒண்ணுன்னா காத்திருக்கணும், ஒரு செல்லுக்கு சில செகண்ட் வரைக்கும் ஆகும், லட்சம் செல்லுக்கு நாள் கணக்கு. அதனால இப்போதைக்கு எங்க டப்பாவுல ராமன் இல்ல, அவர் படம் மட்டும் செவுத்துல இருக்கு.

அனுமதி வந்து ரத்தம் ஓட்ட ஆரம்பிச்சப்போதான் பெரிய கேள்வி வந்துச்சு. எங்க மெஷின் சொல்றது சரின்னு யார் சொல்றது? இதுக்கு உலகம் பூரா ஒத்துக்கிட்ட முறை ஒண்ணு இருக்கு, தேர்ந்த ரெண்டு பேர் மைக்ராஸ்கோப்ல ஆளுக்கு இருநூறு செல்லு எண்ணணும், மொத்தம் நானூறு, அதோட மெஷின் ஒத்துப் போகணும். தேர்ந்த ஆள். எனக்கு யோசிக்க வேண்டி இருக்கல. அம்மாவுக்கு போன் போட்டேன்.

இப்போ ஒவ்வொரு வியாழக்கிழமையும் அம்மா கடலூர்ல பஸ் ஏறி, பெண்ணையாத்துப் பாலம், கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் எல்லாம் தாண்டி பாண்டிக்கு வராங்க. பைக்குள்ள அந்த பழைய கவுண்டர், ஒரு டப்பாவுல எங்களுக்கு எலுமிச்சம் சாதம். மொதல் நாள் ஸ்கிரீனைக் காமிச்சேன், புள்ளி புள்ளியா கூட்டம் கூட்டமா சேந்துக்கிட்டு இருக்கு, கீழ நம்பர் ஓடுது. "என்னாடி இது, நூறு ஆயிடுச்சா?"ன்னு கேட்டாங்க. ஆறாயிரம் தாண்டிருச்சும்மான்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி, இதுல லிம்ஃபோசைட் எது, காட்டு." காட்டினேன். "நியூட்ரோஃபில்?" காட்டினேன். "இயோசினோஃபில்?" அதுலதான் நான் மாட்டிக்கிட்டேன்.

ஏன்னா மூணு சாம்பிள்ல அம்மா கணக்கும் மெஷின் கணக்கும் ஒத்து வரல. மூணும் அலர்ஜி இருக்கிறவங்க. அம்மா அதே ஸ்லைடை திரும்ப எண்ணினாங்க, மணி அடிச்சுது, திரும்பவும் அதே கதைதான். "உன் மெஷின் இயோசினோஃபிலை நியூட்ரோஃபில்னு எழுதுது. ரெண்டும் துகள் செல்லுதான், ஆனா இயோசினோஃபில் துகள் வேற மாதிரி, தடியா ஆரஞ்சா மின்னும், உன் லேசருக்கு அது தெரியலயா?" தெரியல. பக்கவாட்டுல ரெண்டும் நெறைய சிதறடிக்குது, எங்க டிடெக்டர் சிதறல் எவ்ளோன்னு மட்டும்தான் பாக்குது. ஆனா அம்மா சொன்ன அந்த வித்தியாசம் வெளிச்சத்துக்குள்ள இருக்கு, இயோசினோஃபில் துகள்ல பட்ட லேசர் வெளிச்சத்தோட துருவம், அதாவது வெளிச்ச அலை ஆடுற திசை, கலைஞ்சு போகும், நியூட்ரோஃபில்ல அந்த அளவுக்கு கலையாது. ஒரு திசையில ஆடுற வெளிச்சத்தை மட்டும் உள்ள விடுற போலரைசர் ஒண்ணை டிடெக்டர் முன்னாடி குறுக்கா வெச்சா ரெண்டும் பிரிஞ்சு தெரியும். மலேரியா கிருமி சிவப்பணுவுக்குள்ள விட்டுட்டுப் போற கருப்புத் துகளும் இதே மாதிரி துருவத்தைக் கலைக்கும், 1975ல இருந்து கொசுவால வர்ற நோய்களை ஆராயுற விசிஆர்சி இருக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு அதை விட்டுட முடியுமா, அதுக்கும் ஒரு இடம் ஒதுக்கி வெச்சிருக்கேன்.

போலரைசர் ஆர்டர் போட்டாச்சு. புதன்கிழமை வந்துடும்னு சொல்லிருக்காங்க. அந்த மூணு சாம்பிளோட ஸ்லைடையும் அம்மா ஒரு டப்பாவுல போட்டு, மேல சிவப்பு பேனாவுல தேதி எழுதி, என் மேஜை டிராயர்ல பூட்டி வெச்சுட்டுப் போயிருக்காங்க, சாவி அவங்ககிட்ட.